நான் துடைத்த ஏழு பெருக்கல் குறிகள்

மார்ச் 27, 2022

அன்பு மகள் ஸ்லாத்தாவுக்கு,

அம்மா ராயிசா எழுதிக்கொள்வது. நானும் உன் பூனையும் இன்று காலை வரை முழுசாக இருக்கிறோம், ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான். கனடாக் குளிரில் நீயும் காதை மூடிய தொப்பியோடு முழுசாக இருக்க வேண்டும். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் வராது. இருபத்தாறு வருஷம் ரயில்வேயில் சம்பளம் வாங்கிய உன் அம்மாவுக்கு, தண்டவாளத்தில் வெள்ளைப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று போன புதன்கிழமை வரை தெரியாது. ஊர்ப் பேரை இதில் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும், தெரியாதவனுக்குத் தெரிய வேண்டாம். போனில் சொல்லலாமே என்பாய், போனில் பத்து நாளாக ஒரு கரகரப்பு, எனக்குப் பிடிக்கவில்லை. லிவீவ் வண்டியில் வேலை பார்க்கும் என் சிநேகிதி இதைப் போலந்தில் தபாலில் போடுவாள், அவளையும் முழுக்க நம்பவில்லை, அதனால்தான் கோந்துக்கு மேலே டேப்பும் ஒட்டப்போகிறேன்.

சண்டை ஆரம்பித்த நாளிலிருந்து நான் உட்கார்கிற டிக்கெட் கவுன்டர் மூடிக் கிடக்கிறது. கிழக்கிலிருந்து வருகிற வண்டிகளுக்கு டிக்கெட்டே கிடையாது, ஏற முடிந்தவர்கள் ஏறிக்கொள்ளலாம், நாலு பேர் படுக்கிற அறையில் பதினாறு பேர் உட்கார்ந்து வருகிறார்கள். கால அட்டவணையைத் தினமும் சாயங்காலம் மாற்றுகிறார்கள், எந்த வண்டி எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஆர்சென் தன் பெண்டாட்டிக்கே சொல்வதில்லை, அவர் வீட்டுக்குப் போனால்தானே சொல்வதற்கு, ஆபீஸ் சோபாவிலேயே தாடி வளர்த்துக்கொண்டு கிடக்கிறார். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, ராயிசாக்கா, சும்மா உட்கார்ந்து கதை பேசாம டீயாவது போட்டுக் குடுங்க, அப்படியே சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டா சொல்லுங்க என்றார். சந்தேகப்படுவதற்கு எனக்கு உத்தரவே கிடைத்துவிட்டது என்றால் விடுவேனா சொல்லு. குண்டு போடுகிறவனுக்கு வழிகாட்ட மொட்டை மாடியிலும் ரோட்டிலும் ஆள் வைத்துக் குறி போடுகிறார்கள், பார்த்தால் உடனே அழியுங்கள் என்று அப்போது ஊர் முழுக்கப் போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மாடிக் குறிகளை எதிர்வீட்டு ஒடார்கா எனக்கு முன்னாலேயே அழித்து முடித்திருந்தாள், அதில் எனக்கு வயிற்றெரிச்சல் வேறு.

திங்கட்கிழமை காலை டீத்தூள் சக்கையைக் கொட்டப் போனபோது பிளாட்பாரத்துக்குக் கீழே, தண்டவாளத்தின் பக்கவாட்டில், பளிச்சென்று ஒரு பெருக்கல் குறி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பாலம் வரைக்கும் ஏழு. ஒன்றில் மட்டும் இரண்டு பெருக்கல் பக்கத்தில் பக்கத்தில். யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை, ஜனவரியில் கிழக்கிலிருந்து மாற்றலாகி வந்த, தண்டவாளம் பார்க்கிற லைன்மேன் க்ளிம் என்று ஒருவன், விடியற்காலையில் தனியாக நடப்பான், யாரோடும் பேச மாட்டான், டீ கொடுத்தால் சர்க்கரை வேண்டாம் என்பான். சர்க்கரை வேண்டாம் என்கிறவனை நான் என்றைக்கும் நம்பியதில்லை. இரண்டு நாள் காலையில் ரயில்வே ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெயின்ட் கரைக்கிற டர்பென்டைன், வாளி, பிரஷ்ஷோடு இறங்கி ஏழையும் தேய்த்து எடுத்தேன், முட்டி இன்னும் வலிக்கிறது. அப்புறம் க்ளிம் மேல் ஒரு பக்கம் புகார் எழுதி, பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஊர்க்காவல் படை வாசல் பெட்டியில் போட்டேன்.

புதன் காலை க்ளிம் வேலைக்கு வரவில்லை. ஊர்க்காவல் படை ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான் என்று ரொட்டி கொண்டுவந்த பையன்கள் சொன்னார்கள். நான் அன்றைக்கு நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், தளபதி நடை. அது அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஆர்சென் ஓடிவந்து கத்தினார், பழுது பார்க்கிற கோஷ்டி வந்து நிக்குது, சின்னப் பழுதுன்னா ஒண்ணு, விரிசல் விட்ட தண்டவாளம்னா ரெண்டுன்னு க்ளிம் பெருக்கல் போட்டு வெச்சிருந்தான், ஒண்ணையும் காணோம், எந்தப் பாவி அழிச்சான், கார்கிவ் வண்டி நாப்பது நிமிஷத்துல வருதுய்யா என்று. கோஷ்டியில் ஒருவன், எந்த இடம்னு அவனுக்குத்தான் தெரியும், அவன் போனும் எடுக்கலை என்றான். எடுக்க முடியாது, அங்கே உள்ளே போகிறவர்கள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு பெட்டி, ஆயிரத்தைந்நூறு பேர், பாதி குழந்தைகள். விரிசல் மேல் விட்டால் கவிழும், ஊருக்கு வெளியே வயல் நடுவில் நிறுத்தினால் மேலேயிருந்து பார்க்கிறவனுக்குக் கொண்டாட்டம், அந்த நேரம் பார்த்து சைரன் வேறு ஊதுகிறது. என் கையில் வாளி.

ஓடினேன் ஸ்லாத்தா. இந்த உடம்பை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நிற்காமல் ஓடினேன். க்ளிம் ஒன்றாம் வகுப்புக் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவரை விட்டுடுங்க, அவர் ஒற்றன் இல்லை, புகார் எழுதினதும் நான்தான், குறியை அழிச்சதும் நான்தான், என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க என்று அழுதேன். தளபதி, முன்னாள் உடற்பயிற்சி வாத்தியார், என்னைப் பார்த்தார், க்ளிமைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டு, சரி கூட்டிக்கிட்டுப் போங்கம்மா என்றார். வழியில் க்ளிம் ஒரே ஒரு கேள்வி கேட்டான், டர்பென்டைனா? ஆமாம் என்றேன். நல்லா அழிச்சிருக்கீங்க என்றான், அதோடு சரி. பாலத்துக்கு இந்தப் பக்கம் குனிந்து நீளக் கைப்பிடிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான், ஒரு இடத்தில் சத்தம் செத்துப்போனது, அங்கேயே நின்றான். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார்கள். வண்டி நடக்கிற வேகத்தில் அதன் மேல் ஊர்ந்தது, நான் மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தையும் எண்ணினேன். திரை போட்ட ஜன்னல்கள்தான் எல்லாம், ஒன்றில் மட்டும் ஒரு சின்னக் கை திரைக்கு இந்தப் பக்கம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கடைசிப் பெட்டி போன பிறகுதான் கொடியை இறக்கினேன்.

அன்றிலிருந்து பிராயச்சித்தமாக தினமும் க்ளிமுக்கு முட்டைக்கோஸ் பூரணம் வைத்து ஆறு ரொட்டி சுட்டுக் கொண்டுபோகிறேன். ஒற்றன் என்று பழி போட்டு உள்ளே தள்ளினேனே என்று மனசு அறுக்கிறது. மிச்சம் வைக்காமல் ஆறையும் சாப்பிடுகிறான். இனிமேல் யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அது கிடக்கட்டும், நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா, உன் அம்மா எங்கே வேலை பார்க்கிறாங்க என்று இரண்டு தடவை கேட்டாளாமே, எதற்கு? பேக்கரி என்று சொல்லு. ஸ்டேஷன் படம் ஒன்றையும் போனில் போட்டுவைக்காதே. வேளாவேளைக்குச் சூப் குடி. கடவுள் உன்னையும், தண்டவாளத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். பூனைத் தடுப்பூசிச் சீட்டு எந்த டிராயரில் என்று எழுத மறக்காதே.

உன் அம்மா,
ராயிசா

பி.கு. உறையைப் பிரித்து எழுதுகிறேன், நல்ல டேப் வீணாய்ப் போனது. ஊர்க்காவல் படைக்காரர்கள் அந்த வாசல் பெட்டியை நேற்றுத்தான் திறந்தார்களாம், அதுவரை என் புகாரை யாரும் படிக்கவே இல்லை. க்ளிமை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. குறிகள் காணாமல் போகவே, ஸ்டேஷனுக்குள்ளேயே எதிரியின் ஆள் இருக்கிறது, யாரை நம்புவது என்று அவனாகவே புகார் கொடுக்கப் போயிருக்கிறான். விடியல் இருட்டில் தூரத்திலிருந்து பார்த்ததை அவன் எழுதிக் கொடுத்திருந்தான், அதைத் தளபதி எனக்குப் படித்துக் காட்டினார்: சதிகாரி, குட்டை, பருமன், ஆரஞ்சுச் சட்டை, கையில் வாளி, வயது அறுபத்தைந்து இருக்கும். எனக்கு ஐம்பத்து மூன்று.