பிரஸ்ஸுக்குச் செருப்பு

நம் முதலாளிக்குத் தன் ஏசி அதிரக்கூடாது. நம் விரல் போனால் பரவாயில்லை. இன்று அவர் அறைக்குப் புது ஏசி வந்திறங்கியது. பெட்டிக்குள்ளேயே நான்கு மூலைக்கும் நான்கு ரப்பர் கட்டைகள். அந்தப் புது ரப்பர் வாசனை வந்ததும் நீதான் என் நினைவில் வந்து நின்றாய், இடுப்பில் கை வைத்தபடி.

அப்போது நம் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின்கள் ஏழையும் வெறும் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் தரை வழியாக ஸ்டூலில் ஏறி நம் உடம்புக்குள் இறங்கும். மதியத்துக்குள் விரல்கள் மரத்துவிடும். மரத்த விரலுக்குத் தகடு எது, அச்சு எது என்று தெரியாது. முதலாளியிடம் சொன்னோம். "கையை உதறிக்கோங்கம்மா" என்றார்.

நீ உதறவில்லை. மறுநாள் பழைய ஸ்கூட்டர் டியூபோடு வந்தாய். ஃபிட்டர் அண்ணன் சிரித்தார்.

"இன்னாம்மா, மெஷினுக்கு மெத்தை போடுறியா?"

"உனக்கு மட்டும் செருப்பு வேணும், அதுக்கு வேணாமாண்ணா?"

அவரே உன் பிரஸ்ஸின் போல்ட்டைக் கழற்றி, கடப்பாரையால் நெம்பித் தூக்கிக் கொடுத்தார். டியூபை மடித்து வைத்து ஓட்டினோம். அது ரொம்ப மெத்தென்று இருந்ததால் பிரஸ் குதித்துக் குதித்து நகர ஆரம்பித்தது.

"தாம்பரம் ஸ்டேஷனுக்கே போயிடும் போலக் கீதே. டிக்கெட் எடுத்துட்டியா?" என்றார் அண்ணன். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

பிறகு படப்பை ரோட்டுப் பழைய சாமான் கடையில் தடித்த கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தது. நான்கு காலுக்கும் ஒரே அளவாக வெட்டி வைத்து, எது எவ்வளவு நசுங்குகிறது என்று பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தாய். மோட்டார் பக்கத்துப் பின்கால்களில் அதிகம் நசுங்கியிருந்தது.

"எடை நாலு காலுக்கும் ஒண்ணா இல்லடி. பின்னாடி அகலமா வெட்டணும்."

வெட்டினாய். போல்ட்டை மறுபடி போட்டபோது அதன் தலைக்கடியில் ஒரு ரப்பர் வளையமும் வைத்தாய். பிறகு ஸ்டூலில் ஒரு கிளாஸை வைத்து விளிம்புவரை டீ ஊற்றினாய். பிரஸ் அடித்தது. டீ நடுங்கியது; சிந்தவில்லை. அதை நீயே குடித்தும் விட்டாய், எனக்கு ஒரு வாய்கூடத் தராமல்.

அந்த வருஷ மழையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் பிரஸ்ஸில் இப்போது நான். மாலை ரயிலில் பத்து விரலாலும் பூத் தொடுத்துக்கொண்டு போகிறேன்.

மற்ற ஆறு பிரஸ்ஸும் இன்னும் வெறுந்தரையில்தான். இன்று பக்கத்துப் பிரஸ்ஸின் ஸ்டூலில் கிளாஸ் நிறைய டீ வைத்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டேன். பிரஸ் அடித்த மூன்றே அடியில் பாதி டீ தரையில். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. உன் ஸ்கேல் என் கையில் இருந்தது.

"அளவு நான் எடுக்குறேன் சார். ரப்பர் நீங்க கொடுங்க. ஆறு பிரஸ்ஸுக்கும்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.