ஐஸ் ஏத்தாத போட்டு

கட்டுமாவடி,
வெள்ளிக்கிழமை.

ஆத்தா இனியாவுக்கு அப்பா வீரய்யா எழுதுறது. நானும் ஒங்கம்மாவும் நடமாட்டத்தோட நல்லாயிருக்கோம், நீயும் அந்தக் கப்பல்ல ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு அம்மா தெனமும் மாதாகிட்ட செபமாலை சொல்றா. நீ கடலுக்குள்ள போயிட்டா போன் கெடைக்கிறதில்ல, அதான் கொச்சி விலாசத்துக்கு எழுதுறேன், கரைக்கு வந்ததும் படிச்சுக்க. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப தேவல. வலையில நண்டு பாடு சுமார்தான்.

போன மாசம் நீ எழுதினத நாலு தடவ படிச்சேன். நேவி கப்பல் வெரட்டி நிறுத்தின போட்டுல தார்ப்பாய்க்குக் கீழ மூட்ட மூட்டையா போதப்பொருள் இருந்துச்சுன்னும், கையத் தூக்கிட்டு நின்ன ஆறு பேர்ல நம்ம நாகராசும் ஒருத்தன்னும் எழுதியிருந்த. என் அண்ணன் மகன், அப்பன் இல்லாம வளந்தவன், ஒன்னப் பன்னெண்டாவது பரீட்சைக்கு மணமேல்குடி வரைக்கும் சைக்கிள்ல வச்சு மிதிச்சவன். இவர் எனக்கு அண்ணன் மொறைன்னு அப்பவே ஒங்க பெரிய ஆபீசர் ரகுநாத் சார்கிட்ட நீ சொல்லிட்ட, அவரும் விசாரணையத் தானே எடுத்துக்கிட்டாரு, ஆனாலும் பறிமுதல் பேப்பர்ல ஒன் கையெழுத்தும் விழுந்துருச்சு. நீ செஞ்சதுல தப்பு இல்ல தாயி. கடைசியில, அப்பா, நான் அவர யாருன்னே தெரியாத மாதிரி நின்னேன்னு எழுதியிருந்தியே, அந்த வரிதான் மனசுல கெடந்து அறுக்குது.

சேதி ஒன் கடுதாசிக்கு முன்னாடியே ஊருக்குள்ள வந்துருச்சு. தங்கச்சியே அண்ணன உள்ள தள்ளிட்டான்னு மீன் ஏலம் விடுற எடத்துல பேசுறாங்க. பக்கத்துப் படகு ஐயனாரு எங்கிட்ட நேராவே கேட்டாரு, நேவின்னா சண்ட போடுறவங்க, அந்தக் கப்பல்ல ஒம் மகளுக்கு என்ன வேலைன்னு. நான் சொன்னேன், கப்பல் வெரட்டும், நிறுத்தும், ஆனா சோதன போட்டு ஆளக் கைது பண்ணி கோர்ட்டுல நிக்கவைக்கிற வேல இவங்க போதப்பொருள் தடுப்புத் துறையோடது, கரையிலேருந்து ஆபீசர் போய்ச் சேர்றதுக்குள்ள கடத்துறவனுங்க மூட்டையக் கடல்ல தள்ளிட்டுச் சும்மா நிப்பானுங்க, அதுக்குத்தான் இவங்கள்ல ரெண்டு பேரக் கப்பல்லயே ஏத்தி வச்சிருக்காங்கன்னு. நான் முடிக்கிறதுக்குள்ள அவரு அங்கிட்டுப் போயிட்டாரு. அன்னையிலேருந்து என் படகத் தள்ள ஆள் வர்றதில்ல, நானும் அம்மாவும்தான் தள்ளுறோம்.

ரெண்டு வாரம் முன்னாடி ஒங்க அண்ணி அன்புச்செல்விய அழைச்சுக்கிட்டு எர்ணாகுளத்துக்கு ரயில் ஏறினேன். ஜெயில்ல நாகராசு எளச்சுப் போயிருந்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையக் குனிஞ்சே இருந்தான். நான் ஒன்னப் பத்திக் கேக்கல, அவனே சொன்னான். "சித்தப்பா, அவளப் பாத்ததும் கடல்ல குதிச்சுரலாமான்னு இருந்துச்சு. அவதான் கிட்ட வந்து, அண்ணே, லைப் ஜாக்கெட்ட நல்லா மாட்டுங்க, ஏணி வழுக்கும்னு சொன்னா. அத்தன பேருக்கு முன்னாடி அண்ணேன்னு கூப்பிட்டா." இதச் சொல்லிட்டு அழுதான். நீ தெரியாத மாதிரி நின்னேன்னு எழுதியிருக்க, ஒன் வாயில வந்தது ஒனக்கே நெனவில்ல. அவனுக்கு இருக்கு.

இப்ப ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும், இத எழுதத்தான் இத்தன நாள் ஆச்சு. நாகராசு அந்த வெளியூர்ப் போட்டுக்குப் போறதுக்கு மொத நாள் காலையில எங்கிட்ட வந்தான். "சித்தப்பா, ஐஸே ஏத்தாம கெளம்புறாங்க, கேட்டா வழியில ஏத்திக்கலாம்கிறாங்க. போகவா, வேணாமா?" ன்னு கேட்டான். ஐஸ் இல்லாம எவன் ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போவான், இது கடத்தல் வேலன்னு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. ஆனா எங்கூட வேல பாத்தவன் என் படக விட்டுட்டுப் போறானேங்குற கோவத்துல, ஒன் இஷ்டம்னு சொல்லிட்டு வலைய உதறிக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டான். ஜெயில்ல அதப்பத்தி அவன் ஒரு வார்த்த சொல்லல, அதுதான் என்னால தாங்க முடியல. திரும்பி வர்றப்ப ரயில்ல அன்புச்செல்விகிட்ட சொல்லிட்டேன். அவ, "நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நின்னுருப்பாரு மாமா" ன்னா.

ஊருக்கு வந்த நாலாம் நாளு, நாகராச ஏத்திவிட்ட அதே புரோக்கர் வேற ஒரு போட்டுக்கு ஆள் சேக்குறான், மீமிசல்ல நம்ம பக்கத்துப் பயலுக மூணு பேரோட பேசிக்கிட்டிருக்கான்னு கேள்விப்பட்டுப் போனேன். அவன வச்சுக்கிட்டே அந்த மூணு பேர்கிட்டயும் சொன்னேன், நாகராசு எங்கிட்டக் கேட்டான், தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டேன், இன்னைக்கு மூட மாட்டேன்னு. அவன் என் சட்டையப் பிடிச்சுட்டான், அந்தப் பயலுகதான் வெலக்கிவிட்டாங்க. மறுநாளே நானும் அன்புச்செல்வியும் ஒங்க துறை ஆபீசுக்குப் போயி அவன் பேரு, வண்டி நம்பரு எல்லாம் சொல்லி வாக்குமூலம் குடுத்தோம், அவன் அனுப்பின மெசேஜெல்லாம் இருக்குற அவ போனையும் குடுத்துட்டா. போன திங்கக்கெழம அவனப் பிடிச்சுட்டாங்க. அந்த மூணு பேரும் வீட்டுல இருக்காங்க. இதனால மட்டும் நாகராசுக்கு ஜாமீன் கெடச்சுராது, கேசு முடிய வருசக்கணக்காகும்னு வக்கீல் சொல்லிட்டாரு. அந்த மூட்டைங்க கரைக்கு வந்திருந்தா எத்தன வீட்டுப் புள்ளைங்க கையில போயிருக்கும்னு நெனச்சுக்கிறேன், ஆனாலும் அவன் மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குது.

தாயி, ஒன் கையெழுத்த நெனச்சு நீ வெந்துக்கிட்டு இருக்காத. கரையிலேயே தடுத்திருக்க வேண்டியவன் நான். நான் விட்டது நடுக்கடல்ல ஒன் தலையில விழுந்துருச்சு, அதுக்கு அப்பாவ மன்னிச்சுக்க. அடுத்த தடவ ஏணியில எறங்கும்போது கையுறை போட்டுக்க, நனஞ்ச துணியோட நிக்காத. மாதா ஒன்ன எந்தக் கடல்லயும் கைவிட மாட்டா, ஒன்கூட இருக்குற எல்லாரும் நல்லாயிருக்கட்டும். தீபாவளிக்கு லீவு கெடச்சா வா. இனியா வந்தா நீ என்ன செய்வன்னு அன்புச்செல்விகிட்டக் கேட்டுட்டுத்தான் இத எழுதுறேன். அவ சொன்னத அப்படியே எழுதுறேன்: "வரட்டும் மாமா. நான் பேசுவேனான்னு இப்ப சொல்ல முடியாது. கதவச் சாத்த மாட்டேன்."

இப்படிக்கு,
ஒன் அப்பா
வீரய்யா