வெயில் கருவிக்குக் கிடுகு போட்டவனுக்கு

மச்சான்,

இன்று காலை உப்பளத்துக் கொட்டிலைத் துப்புரவாக்கும்போது, கூரை வளையில் செருகியிருந்த, தென்னோலையில் பின்னிய ஒரு கிடுகுத் துண்டு கையில் வந்தது. ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், நான்கு மூலையிலும் கயிற்றுக் கண்ணி. உப்புக் குவியலை மூட இது காணாது, கோழிக்கூட்டுக்கும் உதவாது. உப்பும் பழைய ஓலையும் கலந்த அந்தப் புளித்த மணம் மூக்கில் ஏறியதும் தனியே நின்று சிரித்தேன். பாத்தியில் நின்ற பெண்கள், கங்காணிக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உன்னைப் பற்றிய ஒரு காரியத்தை உன்னிடமே சொல்லாமல் விட்டேன். அதற்குத்தான் இந்த மடல்.

தொண்ணூறில் நம் ஆட்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது ஒரு பையோடு வந்து சேர்ந்தாய். ஹாஜியாரின் உப்பளத்தில் நான் கங்காணி. உப்பு விளையும் கடைசிப் பாத்திகள் உன் பொறுப்பு. நெடுங்காலம் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு, வருடத் தொடக்கத்து உப்பு பிந்தத் தொடங்கியது. நீ காரணம் சொன்னாய்.

"வெயில் வருது மச்சான், ஆனா முழுசா வருதில்ல. இடையில ஆரோ எடுக்கிறாங்க. உன்ட நிழலைப் பாரு, ஓரம் கரைஞ்சு கிடக்கு."

நான் பார்த்தேன். என் தொந்தியின் நிழல்தான் தெரிந்தது. அன்று பின்னேரமே ஹாஜியாரிடம் போய், "அவன் நேரத்துக்குத் தண்ணி கட்டுறதில்ல, படுத்துக் கிடக்கிறான்" என்று சொன்னேன். அவர், "இந்த முறையும் பிந்தினா வேற ஆளைப் போடு" என்றார். இரண்டாவதை உன்னிடம் சொன்னேன். முதலாவதைச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த மிஸ் வந்தாள். கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற ஒரு கருவியை இரும்புக் கம்பத்தில் பூட்டினாள். நிலத்தில் விழும் வெயிலை நிமிடத்துக்கு நிமிடம் அது அளக்குமாம். இந்த மாதங்களில் கடலுக்கு அப்பாலிருந்து அடுப்புப் புகையும் வயல் எரித்த புகையும் வாகனப் புகையும் காற்றோடு வருகின்றன, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

மேகத்துளி சும்மா உண்டாகாது, ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும், கடல் அலையிலிருந்து பறக்கும் உப்புத்தூளும் அதற்கு உதவும் என்றும் சொன்னாள். "அப்ப உப்பே மேல போய் மேகமாகி, எங்கட உப்பைக் கரைக்க வருது. சொந்தக்காரன் செய்யிற வேலைதான்" என்றாய். புகை வெயிலைத் தடுத்தாலும் பூமியின் சூடு ஏறுவது நிற்கவில்லை என்று அவள் சொன்னபோது, "ஹாஜியார் வீட்டுத் தேத்தண்ணி மாதிரி. சீனி குறைவு, சூடு கூட" என்றாய். மிஸ் அதை எழுதி வைத்துக்கொண்டாள்.

உன்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டு, கருவியை உன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நாம் செய்ததை உப்பளத்துக்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மேற்கே மேகம் தலை காட்டினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குவியலை மூடுவது நமக்குப் பிறவிக் குணம் போல. நீ கருவிக்கும் ஒரு கிடுகு பின்னினாய். நான் அதற்கும் மேலே போய், "முதல்ல மெஷினை மூடு, பிறகு உப்பு. நனைஞ்சா எங்கட தலையிலதான் விழும்" என்று உத்தரவு போட்டேன். மூன்று மாதம், ஒரு மேகத்தைக்கூட அந்தக் கருவியின் கண்ணில் காட்டாமல் காப்பாற்றினோம்.

மிஸ் திரும்பி வந்து கணினியைத் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நானா, நட்டநடுப் பகல்ல சூரியன் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சிருக்கு."

"அது நான்தான் மிஸ்" என்று பெருமையாகச் சொன்னாய். "மேகம் வந்தா மூடாம வேற என்ன செய்யிற?"

"மேகத்தையும் சேர்த்து அளக்கத்தான் நானா இதை வெச்சது."

அவள் வரம்பில் குந்திவிட்டாள். உன் முகம் விழுந்ததை அன்றுதான் கண்டேன். உன் பேச்சுக்கு இருந்த ஒரே சாட்சியின் கண்ணை நீயே பொத்திவிட்டாய். ஹாஜியார் கொடுத்த தவணையும் முடியும் கிழமை அது.

கொஞ்ச நேரத்தில் மிஸ் தானாகச் சிரிக்கத் தொடங்கினாள். புகையின் பங்கை அறிய வேண்டுமானால் மேகம் வந்த நேரங்களைக் கழித்துவிட வேண்டுமாம். "அதைப் பிரிக்க எங்களுக்குக் கிழமைக்கணக்கா வேலை. நானா கிடுகால பிரிச்சு வெச்சிருக்கார்." இரண்டு நாட்களின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினாள். இரண்டு நாளும் மேகம் இல்லை. புகைமூட்டம் கிடந்த நாளின் கோடு மட்டும் நன்றாகத் தாழ்ந்து கிடந்தது.

ஹாஜியாரிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "இதில உப்பு எங்க இரிக்கு?" என்று கேட்டார். மிஸ் பொறுமையாக விளக்கினாள். கடைசியில், "சரி, சூரியனை வேலையால நிப்பாட்ட ஏலாது. இவன் இருக்கட்டும்" என்றார். நீ சந்தோஷத்தில் என்னைக் கட்டிப் பிடித்தாய். யார் உன்னைப் பற்றிச் சொன்னது என்று நீ கேட்கவே இல்லை.

உன்னை அடக்கிய அன்று, ஜனாஸாத் தொழுகைக்கு முன் உன் மகன் நின்று, "எங்கட வாப்பா ஆருக்காவது குறை செஞ்சிருந்தா மாப்புச் செய்யுங்க" என்று கேட்டான். எல்லாரும் ஓம், செய்தோம் என்றார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், மச்சான். நானும் ஓம் என்றேன். வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது.

இப்போது கடைசிப் பாத்திகளில் எலுவன்குளத்துக்காரன் ஒருவன் நிற்கிறான். போன கிழமை உப்புப் பிந்தியது. "ஆள் எப்பிடி?" என்று ஹாஜியார் கேட்டார். படுத்துக் கிடக்கிறான் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "ஆள் நல்ல ஆள் ஹாஜியார், வெயில்தான் சரியில்ல" என்றேன். உனக்காகச் சொல்லியிருக்க வேண்டிய சொல், இத்தனை வருடம் பிந்தி இன்னொருவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்து பார்த்தால் அவன் கொட்டிலுக்குள் உண்மையிலேயே படுத்துக் கிடந்தான். இருந்தாலும் சொன்னதை நான் திருப்பி வாங்கவில்லை.