நாவலந்துறைக்கு முதலை வேலி வேண்டி

அனுப்புநர்:
கலாநிதி கம்சாயினி அழகரத்தினம்,
ஊர்வன ஆய்வாளர்,
நாவலந்துறை, மட்டக்களப்பு.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு.

பொருள்: அனுமதியின்றி முதலை இடம்மாற்றப்பட்டமையும், அதன்பின் மீனவர் ஒருவர் கால் இழந்தமையும்

மதிப்புக்குரிய ஐயா,

மட்டக்களப்பு வாவியில் வாழும் உவர்நீர் முதலைகளின் நடத்தையைச் சில வருடங்களாக ஆராய்ந்து வருகிறேன். நாவலந்துறைக்கு எதிரே உள்ள கண்டல் காட்டில் பெரிய ஆண் முதலை ஒன்று இருக்கிறது. ஊரார் அதைக் கிழவன் என்பார்கள். அதன் முதுகில் செய்மதிக் கருவி பொருத்தி நடமாட்டத்தைக் கவனித்தேன். அது துறைப் பக்கம் வருவது மிக அரிது. தன் எல்லைக்குள் வேறு ஆண் முதலைகளை நுழையவும் விடுவதில்லை. இதனை நான் சொல்லக் கேட்டே மீனவர்கள் துறையில் இறங்கி வலை வீசினார்கள்.

சென்ற கார்த்திகையில், வாவிக்கரையிலுள்ள தனியார் விடுதியொன்று எவரிடமும் அனுமதி பெறாமல் கூலிக்கு ஆட்களை அமர்த்தி, கிழவனைச் சுருக்கிட்டுப் பிடித்து, லொறியில் ஏற்றிக் கதிரவெளிக்கு அப்பால் கடலோரத்தில் விட்டது. விருந்தினர் பயப்படுகிறார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். கிழவன் போனால் அந்த இடத்துக்கு வேறு முதலைகள் வரும் என்று, பிடிப்பதற்கு முன்பே விடுதிக்கு நேரில் சென்று சொன்னேன். முகாமையாளர் சிரித்தார்.

சில நாட்களிலேயே இளம் ஆண் முதலைகள் வந்து ஒன்றோடொன்று சண்டையிட்டன. தோற்ற ஒன்று துறைக்கு ஒதுங்கியது. முழங்கால் நீரில் வலையோடு நின்ற பிரதீஸ் என்பவரை அது கவ்வியது. உடன் நின்றவர்கள் சவள் துடுப்பால் அடித்து அவரை மீட்டனர். வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற நேர்ந்தது.

வைத்தியசாலையில் அவருடைய மனைவி தனுஷியா, "மிஸ், நீங்க பயமில்லை எண்டு சொன்ன இடத்திலதானே அவர் இறங்கினவர்" என்றார். கட்டிலில் கிடந்த பிரதீஸ் கண் திறந்து, "அவவ ஏசாத. என்னப் பிடிச்சது கிழவனில்ல" என்றார்.

ஐயா, கிழவன் கரையோரமாகக் கடலில் நீந்தி, முகத்துவாரத்தின் வழியே தன் இடத்துக்கே திரும்பிவிட்டது. இளம் முதலைகளும் விலகிவிட்டன. ஆனால் அதை மீண்டும் பிடிக்கப்போவதாகவும், இம்முறை உயிரோடு விடுவதாக இல்லை எனவும் விடுதியின் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். ஊரிலும் சிலர் எல்லா முதலைகளையும் கொன்றால் என்ன என்று கேட்கிறார்கள். அவர்களுடைய கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். கிழவனும் முதலைதான். என் ஆய்வை நம்பி இனி எவரையும் தண்ணீரில் இறங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பிரதீஸின் தம்பிமார் இன்றும் அதே துறையில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு வேறு தொழில் இல்லை.

முதலையைப் பிடிப்பதை உடன் தடுக்கவும், விடுதியை விசாரிக்கவும், பிரதீஸுக்கு நட்டஈடு கிடைக்கச் செய்யவும், துறையைச் சுற்றி நீருக்குள் வலுவான கம்பு வேலி அமைக்கவும் கோரி இம்மனுவை எழுதி, பிரதீஸுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "வேலிய முதல்ல கேளுங்க மிஸ்" என்றார்.

அவர் சொன்னபடியே கேட்கிறேன், ஐயா. வேலியை முதலில் தாருங்கள். முதலையின் உயிரை அதற்கு அடுத்ததாகக் கேட்கிறேன்.

திகதி: 2025.01.20
இடம்: நாவலந்துறை

இங்ஙனம்,
கம்சாயினி அழகரத்தினம்

வாசிக்கக் கேட்டு உடன்பட்டு ஒப்பமிடுபவர்:
பிரதீஸ்