குரல் நம்மகிட்டத்தானே இருக்கு

12 ஏப்ரல் 1993

எட்டு அங்குல ஸ்பீக்கர் இருபது கேட்டால் ஆறு அங்குலத்தில் இருபது அனுப்பியிருக்கிறான் நாஷ்வில்காரன். போன் போட்டால், "மேடம், உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க, பேசிக்கறேன்" என்கிறான். கடைப் பலகையில் யார் பேர் இருக்கிறது? எர்லீன் கார் ஸ்டீரியோ, லமார் அவென்யூ, மெம்ஃபிஸ். சந்தையில் மேசை போட்டுப் பன்னிரண்டு வருஷம் பழைய ரேடியோ விற்று மாட்டிய பலகை. "அவர் செத்து ஒம்பது வருஷமாச்சு, அங்கேயே போய்ப் பேசு" என்று சொல்லி போனை வைத்தேன்.

பின்னால் சரக்கறையில் லாவெல் காலையிலிருந்து டிரம் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. ஃபோர்ட்டீன் வோல்ட் ரெக்கார்ட்ஸ் என்று தானே ஒரு கம்பெனிக்குப் பேர் வைத்திருக்கிறான் — எஞ்சின் ஓடும்போது காரில் வருகிற மின்சாரம் அவ்வளவு. கம்பெனி அவனுடையது. அறையும் கவுன்ட்டரும் என்னுடையவை. பாதிப் பங்கு எனக்கு. அவன் போடுகிற தாளம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவனுடைய கட்டைக் குரல் வரும்: "லாவெல் வந்தாச்சு!" ஜனங்கள் கடைக்கு வந்து அந்த "வந்தாச்சு" டேப் இருக்கா என்றுதான் கேட்கிறார்கள்.

எந்தப் பாட்டாக இருந்தாலும் வாசலில் மூன்று காரில் போட்டுப் பார்க்காமல் அவன் வெளியே விடமாட்டான். பேஸ் என்கிற அடிச்சத்தத்தில் டிக்கி மூடி சரியாக அதிர வேண்டும், பல் கூசக் கூடாது. இன்று அப்படிப் போட்டுப் பார்க்கும்போது எதிரே வறுத்த மீன் விற்கும் கடைப் பெண் என் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்தாள். கெளுத்தி வறுவல், ஸ்பகெட்டி. பொட்டலத்தைக் காரின் கூரையில் வைத்துவிட்டு, அந்தத் தாளத்துக்கு மேலேயே ஆரம்பித்தாள்:

"எண்ணெய்ச் சட்டி கொதிக்குது, என் நாக்கு அதவிடச் சூடு;
எட்டு மணி நேரம் நிக்கறேன், எடத்தக் காலி பண்ணிப் போடு!"

லாவெல் பாதி உடம்பை டிக்கிக்குள் விட்டிருந்தான். தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். "யாரு நீ?"

"டமீகா. மீகான்னு கூப்பிடுவாங்க. அங்கே மீன் ஆறுது, மொதல்ல அவங்களச் சாப்பிடச் சொல்லுங்க."

17 ஏப்ரல் 1993

அட்டைப்பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கி, நடுவில் அவளை நிறுத்திப் பதிவு செய்தான். ஏசி ஓடக் கூடாது, கழிப்பறையில் யாரும் தண்ணீர் விடக் கூடாது. என் கடையில் எனக்கே சட்டம்!

மீகாவின் அம்மா வில்லி மே, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து உடுப்போடு நேராக வந்துவிட்டாள், நாங்கள் யார் எவர் என்று பார்க்க. "இவ வாயால பொழைப்பான்னு பொறந்தப்பவே தெரியும். வக்கீலா ஆவான்னு நெனச்சேன்" என்றாள். ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. அந்த ஆம்பளைக் குரல் யாரு? அவன் எதுக்கு நடுநடுவுல கத்தறான்?"

நானும் மீகாவும் சிரித்தோம். லாவெல் சிரிக்கவில்லை.

2 ஜூலை 1994

டேப் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. லிட்டில் ராக்கிலிருந்து ஒருவன் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, இல்லை என்றதும் என்னிடமே சண்டை போடுகிறான். கடை நடத்துகிறேனா, கலவரத்தை அடக்குகிறேனா?

வடக்கே ஒரு பெரிய விநியோகக் கம்பெனி நாடு முழுக்க எடுத்துப் போகிறேன் என்கிறது. கையெழுத்துப் போட்டாயிற்று. மீகா மீன்கடை வேலையை விட்டுவிட்டாள்.

30 ஜூலை 1994

கையெழுத்தின் மை காயவில்லை, அதற்குள் சண்டை.

மீகா சொன்னது: "பாட்டு ஆரம்பிக்கறப்ப உங்க பேரு. நடுவுல உங்க பேரு. நான் மூச்சு வாங்கற எடத்துல உங்க பேரு. தும்மினாகூட அங்கயும் வந்து நிப்பீங்க போல. ஒரு பாட்டு, லாவெல். ஒரே ஒரு பாட்டுல நான் மட்டும் இருந்துக்கறேன்."

"அது இல்லன்னா இது ஃபோர்ட்டீன் வோல்ட் பாட்டே இல்ல."

"அப்ப என் பாட்டு இல்லயா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டிமேல் பேர் இல்லாத சரக்கை நான் விற்றதே கிடையாது. அதைத்தான் சொன்னேன். மீகா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சரக்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாளோ என்று இப்போது தோன்றுகிறது. தோன்றட்டும். வியாபாரத்தில் சரக்கைச் சரக்கு என்றுதான் சொல்ல முடியும்.

21 ஜனவரி 1995

மெயின் ஸ்ட்ரீட்டில் ஆபீஸ். எட்டாவது மாடி. நெடுஞ்சாலையில் வைத்த விளம்பரப் பலகையில் லாவெலின் முகம், லாவெலின் கடிகாரம், லாவெலின் கார். மூலையில் சின்னதாக மீகாவின் பேர், முகம் இல்லை. பலகை வைத்தது அவன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தது நான்.

மீகாவைத் தவிர அவனுக்குக் கீழே இப்போது ஏழு ராப் பாடகர்கள். ஏழு பேரும் சேர்ந்து விற்பதைவிட மீகா ஒருத்தி அதிகம் விற்கிறாள். இது எல்லாருக்கும் தெரியும். அவளிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

11 செப்டம்பர் 1995

வில்லி மே இறந்துவிட்டாள். வேலை செய்த இடத்திலேயே, சூடான துணிகளுக்கு நடுவில். ஐம்பத்திரண்டு வயது.

9 நவம்பர் 1995

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

மீகா அவள் அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினாள். கத்தல் இல்லை, வசை இல்லை. சலவைக்கூடத்தில் நின்ற பாதங்கள், மடித்து வைத்த விரிப்புகள் — அவ்வளவுதான். கடைசியில் "வில்லி மே" என்று பேரைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுகிறாள். பதிவின்போது நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்று வழக்கம்போல் கடை வாசலில் காரில் போட்டுப் பார்த்தோம். என் பியூக் காரில் நான் முன்னால், மீகா பின்னால். லாவெல் வெளியே டிக்கியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பாட்டு வந்தது. "வில்லி மே" என்றாள். மூச்சு விட்டாள். அந்த இடத்தில் —

"லாவெல் வந்தாச்சு!"

மீகா கதவைத் திறந்து இறங்கினாள். மூடவில்லை. லமார் அவென்யூவில் வண்டிகளுக்கு நடுவே நேராக நடந்து போனாள்.

லாவெல் ஜன்னலில் குனிந்து, "ஏன், பேஸ் அதிகமா?" என்று கேட்டான். பேஸாம்! டேய், உனக்கு மண்டைல இருக்கறது மூளையா, பேட்டரியா? இப்படிக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு: "கூப்பிட்டு சமாதானம் பண்ணு. டிசம்பர்ல டேப் கடைக்கு வரணும்." என்னைச் சொல்ல வேண்டும் முதலில்.

14 நவம்பர் 1995

அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிடு என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒண்ணுல எடுத்தா எல்லாரும் கேப்பாங்க மிஸ் எர்லீன்" என்கிறான். எடுக்கவில்லை. பாட்டு அப்படியே போயிற்று.

6 பிப்ரவரி 1996

மீகா அட்லாண்டா போய்விட்டாள். எங்களோடு அவளுக்கிருந்த ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்துவிட்டது. கடைக்கு வந்து என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"வழக்குப் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"அவரு?"

"அவனுக்கு வக்கீல் பேரு ஞாபகம் இருந்தாத்தானே."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

28 மார்ச் 1996

கோடைக்குள் மீகா ஆல்பம் ஒன்று வந்தாக வேண்டும் என்று விநியோகக் கம்பெனி போன் மேல் போன். மீகா எங்கே? லாவெல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நான்தான் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்று இந்த நோட்டில்கூட எழுதாமல் விடலாம். எழுதுகிறேன். "மூணு வருஷ டேப் இருக்கு. அவ இல்லாட்டி என்ன, குரல் நம்மகிட்டத்தானே இருக்கு? பழைய வரிகளை எடுத்துப் புதுத் தாளத்துல ஒட்டு. எல்லாரும் பண்றதுதானே."

"அது அவ புதுசாப் பாடினது ஆகாதே" என்றான் லாவெல். அவன்! பலகையில் தன் முகத்தைப் போட்டுக்கொண்டவன் சொல்கிறான். நான் விடவில்லை. பழைய ஸ்பீக்கரைப் புதுப் பெட்டியில் வைத்து விற்றதில்லையா நான்? ஒருவனாவது திருப்பிக் கொண்டுவந்தானா?

17 ஆகஸ்ட் 1996

ஆல்பம் வெளிவந்து நான்காம் நாள். சனிக்கிழமை, வாசல் நிறையக் கார்கள்.

அடுத்த தெரு முடிதிருத்துக்காரன் ஓட்டிஸ் தன் கட்லஸ் காரில் அதைப் போட்டான். மீகாவின் குரல் வருவதற்குள் அவன் முந்திக்கொண்டு சொன்னான்: "எண்ணெய்ச் சட்டி கொதிக்குது…" அடுத்த வரியை பக்கத்துக் காரில் இருந்தவள் சொன்னாள். அதற்கடுத்த வரியை வாசலே சேர்ந்து கத்தியது. முதலில் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்தேன், நான் ஒரு முட்டாள். மூன்றாவது பாட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டிஸ் டேப்பை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மிஸ் எர்லீன், இது எல்லாமே பழசு."

"தாளம் புதுசு."

"தாளத்தையா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கோம்? இந்த வரியெல்லாம் எங்க வாயிலயே இருக்கு. எங்ககிட்டயே கொண்டுவந்து வித்தீங்களே, நாங்க செவிடுங்களா?"

கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசை. பழைய ஸ்பீக்கரை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. முப்பது வருஷ வியாபாரத்தில் எனக்கு இது தெரியவில்லை. வெட்கக்கேடு.

23 ஆகஸ்ட் 1996

ரேடியோவில் மீகாவிடம் புது ஆல்பம் எப்படி என்று கேட்டார்களாம். "எந்த ஆல்பம்?" என்றாளாம்.

10 அக்டோபர் 1996

விநியோகக் கம்பெனி பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புகிறது. ஆபீஸில் இடமில்லை. சரக்கறையில் கூரைவரை அடுக்கியாகிவிட்டது. எந்தப் பெட்டியைத் தொட்டாலும் அவள் பேர்.

3 மார்ச் 1997

ஏழு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஒருவன் போகும்போது லாவெலிடம் சொன்னது: "நாளைக்கு நான் செத்தாலும் என் குரலை ஓட்டிக்கிட்டே இருப்பீங்க, இல்ல?"

அப்புறம் எட்டாவது மாடியில் நானும் லாவெலும். அவன் கத்தினான், நானும் கத்தினேன்.

"நான் சத்தம் தேடினேன், நீங்க அதைச் சரக்கா ஆக்கிட்டீங்க!"

"சத்தமா தேடினே? உன் பேரைத்தான்டா தேடினே! ஒரு பொண்ணு அவ அம்மாவுக்கு அழுத எடத்துல நீ போய் நின்னே!"

"அன்னைக்கு அந்தக் கார்ல நீங்க என்ன சொன்னீங்க? சொல்லுங்க. டிசம்பர்ல டேப் கடைக்கு வரணும்னீங்க."

ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தேன்.

30 ஜனவரி 1998

ஆபீஸைக் காலி செய்தோம். ஒப்பந்தப்படி, திரும்பி வந்த சரக்குக்கு ஈடாக, பதிவுகள் எல்லாமே விநியோகக் கம்பெனிக்குப் போய்விட்டன. மீகாவின் குரல், வில்லி மே பாட்டு, எல்லாம். லாவெல் வரவில்லை. சுவரிலிருந்த படங்களை நானே கழற்றினேன்.

5 பிப்ரவரி 1998

கடை. எட்டு அங்குல ஸ்பீக்கர் நான்கு விற்றது. வயரிங் இரண்டு.

12 ஜூன் 2000

லாவெல் வந்தான். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு. மெலிந்திருந்தான், கடிகாரம் இல்லை. கவுன்ட்டரின் அந்தப் பக்கம் நின்றுகொண்டே, "ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்கீங்க" என்றான்.

"ஸ்பீக்கர் மாட்டற வேலை. தரையில படுக்கணும்."

"தெரியும்."

துரத்தியிருக்கலாம். வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு, ஓட்டிஸின் கட்லஸைக் காட்டினேன். அதில் எங்கோ ஒரு அதிர்வு, மூன்று ஆள் பார்த்தும் அகப்படவில்லை. லாவெல் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றான். நம்பர் பிளேட்டின் இடது திருகு தளர்ந்திருந்தது. இரண்டு நிமிஷம். இந்தக் காதை வைத்துக்கொண்டா அவன் அதைச் செய்தான்! நாளை எட்டு மணிக்கு வரச் சொன்னேன்.

19 மே 2001

காலையில் ஒரு பெரிய கறுப்பு வண்டி வந்து நின்றது. இறங்கியது மீகா. அத்தையைப் பார்க்க வந்தாளாம். பின் ஸ்பீக்கர் கரகரக்கிறது, அட்லாண்டாவில் ஒருத்தனுக்கும் சரிசெய்யத் தெரியவில்லை என்றாள். நான் உள்ளே பார்த்தேன். அவளும் பார்த்தாள். லாவெல் கையில் திருப்புளியோடு நின்றிருந்தான்.

"அவர்தான் செய்வாரா?"

"வேற ஆள் வேணும்னா திங்கக்கிழமை வா."

"செய்யட்டும்."

அவன் பின் இருக்கையில் மல்லாந்து படுத்து வேலை செய்தான். அவள் கவுன்ட்டருக்கு வந்தாள். இதைவிட்டால் வேறு நாள் வாய்க்காது என்று சொல்லிவிட்டேன்: "அந்த ஆல்பம் என் யோசனை, மீகா."

"தெரியும் மிஸ் எர்லீன். அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது." பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

சோதிக்க ஒரு பாட்டு வேண்டும். இன்னும் வெளிவராத தன் பாட்டைப் போட்டாள். லாவெல் டிக்கி மூடியில் உள்ளங்கையை வைத்துக் கேட்டான். முடிந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பேஸ் கொஞ்சம் பிந்தி விழுது."

"தெரியும். அங்கே யாருக்கும் காதுல விழல."

"ஒரு மயிரிழை முன்னாடி தள்ளச் சொல்லு. அப்புறம்… ரெண்டாவது பாதியில நீ மூச்சு வாங்கற எடம். அங்கே என்னமோ மணிச்சத்தம் போட்டிருக்காங்க. எடுத்துடு."

"எடுத்துட்டு என்ன போடறது?"

"ஒண்ணும் வேணாம் அங்கே."

மீகா பில்லைத் திருப்பி, பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

லாவெல் கையைத் துடைத்துக்கொண்டே அடுத்து என்ன என்று கேட்டான். பச்சை மினிவேன், பின்கதவு அதிர்கிறது என்றேன்.