கண்ணாடிக்காரி கேட்ட கேள்வி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஐந்தாவதோடு நின்றவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். நீங்கள் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியவைக்கிற கம்பைலர், ஒரு பெயரைக் கண்டால் அது எதைக் குறிக்கிறது என்று, வீட்டில் ஆளைத் தேடுகிற மாதிரி, முதலில் அந்த அறைக்குள் தேடுமாம். அங்கே இல்லாவிட்டால் கூடத்தில், அப்புறம் தெருவில். தேடித்தேடி நேரமாகிறது என்று, ஒரு தடவை கண்ட இடத்தையே ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி நீ மாற்றினாய். வேகம் பிய்த்துக்கொண்டு போனதாம். குளிக்கப் போனால் அரை நாள் ஆக்குகிறவனா வேகம் கூட்டினான் என்று மாமாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

பிறகு நடந்ததையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உள்ளறையில் அதே பெயரில் புதிதாக ஒன்று வந்தும், உன் கம்பைலர் பழைய ஞாபகத்தில் தெருவில் இருந்ததையே எடுத்துவிட்டது. நான் வீட்டுக்குள் மாமாவை 'குண்டு' என்று கூப்பிட்டால், அதே பட்டப்பெயருள்ள தெருமுனைத் தையற்காரர் அடுப்படியில் வந்து நிற்பதுபோல என்றாய். விழுந்து விழுந்து சிரித்தேன். அதனால் அந்தப் புரோகிராம் ஓடிய ஒரு மருந்துக் கிடங்கில் குளிர் அளவு மாறி மருந்தெல்லாம் வீணானது, உன் மாற்றத்தைச் சரிபார்த்த பெண்ணை, உன்கூட வேலை பார்க்கிற அந்தக் கண்ணாடிக்காரியை, மாதக் கடைசியில் வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்றாய்.

போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்த பிறகுதான், நீ போகிறபோக்கில் சொன்ன ஒன்று உறைத்தது. டீ குடிக்கும்போது அவள் உன்னிடம், "உள்ள அதே பேர்ல புதுசா ஒண்ணு வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் பாத்துட்டேன், நீ சரின்னு போடு" என்றிருக்கிறாய். நீ பார்க்கவே இல்லை.

கை அப்படியே நின்றுவிட்டதடா. ஏன் அழுகிறாய் என்று மாமா கேட்டார். வெங்காயம் என்றேன். சின்ன வயதில் மிட்டாயைத் தின்றுவிட்டுப் பூனை மேல் பழி போட்டவன்தான் நீ. ஆனால் பூனைக்கு வேலை போகவில்லையே. என் தம்பியா, என் தம்பியா என்று இரண்டு நாளாக இதே நினைப்பு.

அவள் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள். அவள் கேட்டது உண்மைதான் என்று சொல்ல உன்னைத் தவிர ஆளில்லை. இது கைக்கு வந்த அன்றே உன் மேலாளர் முன்னால் போய் நில். வேலை போனால் போகட்டும். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, மாமாவின் குறட்டை மட்டும் கேட்கும்.

நன்றாக இரு. சொல்லிவிட்டுப் போன் பண்ணு. அதுவரை நான் பண்ணமாட்டேன்.

பழையபடி உன்னைக் கேலி பண்ணக் காத்திருக்கும்,
அக்கா