கேமராவில் கறுப்புக் கட்டம்

அக்டோபர் 6, திங்கள்

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் போனில் கடை கேமராவைப் பார்த்தேன். படத்தில் பட்டுப்புடவை அலமாரியை மறைத்தபடி ஒரு கறுப்புக் கட்டம். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, அதுவும் பட்டு அலமாரியில். கடையில் தனக்கொடி மட்டும் இருந்தாள்.

அக்டோபர் 7

கேமரா ஆப்பைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். செட்டிங்ஸில் 'பொது', 'படம்', 'எச்சரிக்கை', 'கூடுதல்' என்று நான்கு பிரிவு. முதல் மூன்றும் சொன்னபடி கேட்கின்றன. 'கூடுதல்' என்பதில் 'மறைப்புப் பகுதி' என்று ஒன்று, சாம்பல் எழுத்தில். அழுத்தினால், உரிமையாளர் மட்டுமே மாற்றலாம் என்கிறது. என் பெயருக்கு நேரே 'விருந்தினர்'.

வில்லியனூர் கடைத்தெருவில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கும் செல்வகுமாரி விருந்தினராம். உரிமையாளர் யார்? என்னிடம் வேலை செய்யும் தனக்கொடி. இரண்டு வருஷம் முன்பு கேமரா மாட்டியபோது என்னிடம் பட்டன் போன்தான் இருந்தது. மாட்ட வந்த பையன் பிரேம், ஆப்பை அவள் போனில் பதிந்தான். ஏதோ வசதிக்கு என்று விட்டுவிட்டேன். எனக்கு நன்றாக வேண்டும்.

அக்டோபர் 9

புடவை உடுத்திப் பார்க்கும் மூலையில் பழைய நூல்புடவையைத் திரையாகக் கட்டியிருக்கிறாள் தனக்கொடி. போன வாரமே கட்டினாளாம்; நான் இன்றுதான் கவனித்தேன். "சும்மாதாங்க்கா. வரவங்களுக்குக் கூச்சமா இருக்குதில்ல."

இத்தனை நாள் இல்லாத கூச்சமா? அங்கே கட்டம், இங்கே திரை.

பட்டு உருப்படிகளைச் சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. இருந்தாலும் —

அக்டோபர் 11

கேட்டுவிட்டேன். வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே. "இன்னாத்த மறைக்கிற? போனைக் காட்டு."

காட்டினாள். அவள் போனில் அதே 'மறைப்புப் பகுதி' வரி பளிச்சென்று இருந்தது, தொட்டதும் திறந்தது. கட்டம் போட்ட தேதி, கேமரா மாட்டிய அதே நாள். பிறகு யாரும் தொடவில்லை. தேதியை மாற்ற முடியாதா என்ன?

"பன்னண்டு வருசத்துக்கு அப்பறம் இதாங்க்கா?" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு அரியூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 12

பிரேமை வரவழைத்தேன்.

"நீங்கதானக்கா கட்டம் போடச் சொன்னீங்க? பொம்பளைங்க பொடவை கட்டிப் பாக்கற மூலை தெரியக்கூடாதுன்னு?"

ஆமாம். சொன்னேன்.

"கட்டம் படத்துல வெச்ச எடத்துலயே நிக்கும். கேமராவைத் திருப்பினா வேற எதையாவது மறைச்சிடும். யாருக்கா திருப்பனது?"

கேமராவின் தலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல், அளவுகோல், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, முக்காலியில் ஏறி கேமராவின் கழுத்தைப் பிடித்துத் திருப்பி, அதற்கும் ஒரு பொட்டு வைத்தவள் நான்தான்.

மூலையில் இருந்தவரை அந்தக் கட்டம் என் கண்ணில் உறுத்தியதே இல்லை. அன்றிலிருந்து அது அலமாரியை மறைக்க, அந்த மூலை படத்தில் தெரிந்திருக்கிறது. நான் கறுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூலையைப் பார்த்துத் திரை கட்டியிருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் என் தப்பு என்றாகிவிடும் என்றா? வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 13

தனக்கொடிக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 22

தீபாவளி வியாபாரம் முடிந்தது. தனியாகத்தான் சமாளித்தேன். திரையை அவிழ்க்கவில்லை.

இன்று ஆப்பைத் திறந்தால் சாம்பல் எழுத்து ஒன்றுகூட இல்லை. எதை அழுத்தினாலும் திறக்கிறது. என் பெயருக்கு நேரே 'உரிமையாளர்'. நேற்று மாலை அவள் மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

கீழே அவள் பெயரைத் தேடினேன். பயனர்கள்: 1.